ஜாமீன் கையெழுத்து

போன மாதம் ஒரு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

கதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுத்தாளன் போடும் கையெழுத்துக்கு ஏதோ கொஞ்சம் மதிப்பு இருக்கலாம். பாங்கிக் காகிதத்தில் அதற்கு என்ன மதிப்பு என்பது எனக்கே சந்தேகம். இருந்தாலும் எதிர் வீட்டுக்காரர் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. அவருடைய பிள்ளை இங்கிலாந்துக்குப் போய் ஒரு வருஷம் மேல்படிப்புப் படிக்கப் போகிறான். அதற்கு 35 லட்சம் ரூபாய் கடன். வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பாங்கிக்குப் போய்விட்டது. அது போதாதென்று ஆள் ஜாமீனும் வேண்டுமாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆடிட்டர் நண்பர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதில் கவலைப்பட ஒன்றுமில்லை, சார். வெள்ளைக்காரன் தன் சொந்தப் பிள்ளைக்கே கடன் கொடுத்துத்தான் படிக்க வைக்கிறான். படிப்பினால் யாருக்குப் பிரயோஜனம்? படிக்கிறவனுக்கு. அப்படியானால் காசும் அவன்தானே கொடுக்க வேண்டும்? இலையில் உட்கார்ந்தவன் இலைக்குக் காசு கொடுக்கட்டும். ஊரான் வரிப்பணத்தில் எதற்காகப் படிக்க வேண்டும்?" என்றார்.

கதாசிரியனுக்கு ஒரு வியாதி உண்டு. பாத்திரங்களுக்கெல்லாம் சுடச்சுடப் பதில் எழுதிக் கொடுப்பான். தனக்கு வேண்டிய பதில் மட்டும் மூன்று நாள் கழித்துத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நண்பர் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். ஆனால் அவர் பேசிய பேச்சு அவர் ஒருவருடைய பேச்சல்ல. படித்தவர்கள் கூடும் எந்தத் திண்ணையிலும் இன்று அதைக் கேட்கலாம். ஆகவே பதிலையும் பத்துப் பேர் காதில் விழும்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பொருளாதார நிபுணன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பட்டமில்லாமல் வெளியே வந்தவன். படிப்பு ஏறாததால் அல்ல. வீட்டில் பணம் இல்லாததால். ஆகையால் இந்த விஷயத்தில் நான் பாரபட்சமற்றவன் என்று பாசாங்கு செய்யப் போவதில்லை. ஆனால் கூட்டலும் கழித்தலும் எனக்குத் தெரியும். ஆடிட்டர் நண்பருக்குப் பதில் சொல்ல அதற்கு மேல் வேண்டியதில்லை.

*

இரண்டு தேசங்களை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டன் ஒன்று, ஜெர்மனி ஒன்று. இரண்டும் பணக்கார தேசங்கள். இரண்டும் யுத்தத்தில் அடிபட்டு எழுந்தவை. ஒன்று ஜெயித்து அடிபட்டது, மற்றது தோற்று அடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், 2023-24ஆம் கல்வி ஆண்டில் இரண்டிலும் உயர்கல்வி பயின்றவர்கள் தொகையும் ஏறக்குறைய ஒன்றே: சுமார் 29 லட்சம் பேர். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி அகப்படாது.

ஜெர்மனியில் உயர்கல்விக்கு ஆகும் செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. பிரிட்டனில் அரசாங்கம் நேராகத் தரும் பங்கு மூன்றில் ஒன்றைக்கூடத் தாண்டுவதில்லை. மீதியில் பெரும் பாகம் மாணவன் தலையில். ஜெர்மன் மாணவன் தன் ஊர் சர்வகலாசாலையில் படிக்கக் கல்விக் கட்டணம் என்று ஒரு காசும் கொடுப்பதில்லை. மாணவர் சங்கம், விடுதி நிர்வாகம், பஸ் சீட்டு இவற்றுக்காக ஒவ்வொரு அரை வருஷத்துக்கும் சில நூறு யூரோ செலுத்துகிறான்; அவ்வளவுதான். இங்கிலாந்து மாணவனுக்கோ, 2025ஆம் வருஷ இலையுதிர் காலத்தில் கட்டணம் வருஷத்துக்கு 9,535 பவுனாக உயர்ந்தது. (நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் போடும் பவுன் அல்ல, அப்படியிருந்தால் இங்கிலாந்து ராஜாவே படித்திருக்க முடியாது.) இதற்கு மேல் சாப்பாட்டுக்கும் ஜாகைக்கும் வேறு கடன். எல்லாம் சேர்ந்து, படிப்பு முடித்து வெளியே வரும் பையன் தோளில் சராசரியாக 45,000 பவுனுக்குக் குறையாத சுமை. வயது இருபத்தொன்று.

"அப்படியானால் வெள்ளைக்காரன் எப்போதும் கறாரானவன், ஜெர்மானியன் எப்போதும் தாராளமானவன்" என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கதையே வேறு.

1962ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சர்வகலாசாலையில் இடம் கிடைத்த மாணவனுக்கு அவன் ஊர் உள்ளாட்சி மன்றம் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சாப்பாட்டுச் செலவுக்கும் உபகாரச் சம்பளம் தர வேண்டும். கொடுத்தாலும் கொடுக்கலாம் என்ற தயவு அல்ல, கொடுத்தே ஆக வேண்டிய கடமை. அடுத்த வருஷம், 1963ல், லயனல் ராபின்ஸ் என்ற பொருளாதார நிபுணர் தலைமையில் அமைந்த கமிட்டி, திறமையும் தகுதியும் உள்ள எவருக்கும் உயர்கல்வி கிடைத்தாக வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ராபின்ஸ் சோஷலிஸ்டு அல்ல. மார்க்கெட்டில் அபார நம்பிக்கை உள்ளவர். அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது கன்ஸர்வேடிவ் கட்சி அரசாங்கம். இலவசப் படிப்பு என்றால் அது ஏதோ சிவப்புச் சட்டைக்காரன் கனவு என்று எண்ணுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பந்தியில் ஒரு தலைமுறை உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது. சுரங்கத் தொழிலாளி மகனும் தபால்காரர் மகளும் பட்டதாரி ஆனார்கள். கைகழுவி எழுந்தவர்கள் உத்தியோகத்துக்குப் போனார்கள், மந்திரிகளும் ஆனார்கள். அப்புறம் என்ன செய்தார்கள்? வாசலில் ஒரு மேஜையைப் போட்டு, இரண்டாம் பந்திக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள்.

1998ல் முதல் டிக்கெட்: வருஷத்துக்கு 1,000 பவுன் வரை. கொண்டுவந்தது தொழிற் கட்சி. 2004ல் அதை 3,000 ஆக்கும் மசோதா வந்தது. ஆதரவு 316, எதிர்ப்பு 311. ஐந்தே ஓட்டில் ஒரு தேசத்தின் வழக்கம் மாறியது. 2010 மே மாதத் தேர்தலுக்கு முன்பு லிபரல் டெமாக்ரட் கட்சியினர், கட்டண உயர்வு எதுவானாலும் எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்று எழுத்து மூலம் சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் முடிந்தது, கூட்டணி மந்திரிசபையில் இடம் கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 9ந் தேதி, கட்டணத்தை 9,000 பவுன் வரை உயர்த்தும் தீர்மானம் 21 ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்தக் கட்சியில் 27 பேர் ஆதரவாகக் கை தூக்கினார்கள். தலைவர் நிக் கிளெக் 2012ல் மன்னிப்புக் கேட்டார். கட்டணத்துக்காக அல்ல, நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்ததற்காக! 2010ல் 57 ஸ்தானம் வைத்திருந்த அந்தக் கட்சிக்கு 2015ல் ஜனங்கள் மிச்சம் வைத்தது 8.

கட்டணத்தை உயர்த்திய பிரதம மந்திரி டேவிட் கேமரான், நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன், சத்தியம் செய்த கிளெக் ஆகிய மூவரும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள். உள்நாட்டு மாணவனிடம் கல்விக் கட்டணம் கேட்காத காலம் அது. ஆடிட்டர் நண்பரே, இலையில் உட்கார்ந்தவன் காசு கொடுக்க வேண்டும் என்றால், பழைய பாக்கியை முதலில் யாரிடம் வசூலிக்க வேண்டும்?

*

"போகட்டும், சர்க்காருக்குப் பணம் மிச்சமாயிற்றா இல்லையா?" என்று நண்பர் கேட்பார். கணக்குப் பார்க்கிறவர், கேட்கத்தான் வேண்டும்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாட்டுப்புறத்து லேவாதேவிக்காரன்கூடச் செய்யக் கூசும் ஒரு கணக்கு வேலையை வெஸ்ட்மின்ஸ்டர் செய்தது. சர்க்கார் சர்வகலாசாலைக்கு 9,000 பவுன் மானியம் கொடுத்தால் அது செலவு. பட்ஜெட்டில் பற்றாக்குறை ஏறும். அதே 9,000 பவுனை மாணவனுக்குக் கடன் என்று எழுதி, அவன் பேரால் சர்வகலாசாலைக்கே அனுப்பினால் அது செலவு அல்லவாம். வரவேண்டிய பாக்கியாம், சொத்தாம்! பணம் போகிற இடம் ஒன்றேதான். பேரேட்டில் பக்கம் மட்டும் மாறியது. பற்றாக்குறை மாயமாகக் குறைந்தது.

கடன் திரும்பி வருமா? ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பாதித்தால், மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 9 பிடித்துக்கொள்வார்கள். 2012ல் வந்த ஏற்பாட்டின்படி, 30 வருஷத்தில் தீராத பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பெரும் பகுதி தள்ளுபடிக்குத்தான் போகும் என்பது கொடுக்கும்போதே தெரியும். தெரிந்தும் முழுத் தொகையையும் சொத்து என்று எழுதி வைத்தார்கள். கடைசியில் 2018 டிசம்பரில் அந்த தேசத்துப் புள்ளிவிவர இலாகாவே குறுக்கிட்டு, திரும்பி வராத பாகத்தைக் கொடுத்த வருஷத்திலேயே செலவாக எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2023ல் இங்கிலாந்து மாணவர் கடன் பாக்கி 20,000 கோடி பவுனைத் தாண்டியது.

இன்னும் ஒரு கூத்து உண்டு. 2017 டிசம்பரில், பழைய மாணவர் கடன்களில் 350 கோடி பவுன் பெறுமானமுள்ள பத்திரங்களைச் சர்க்கார் தனியாருக்கு விற்றது. கிடைத்தது 170 கோடி பவுன். அடுத்த வருஷம் 390 கோடி பவுன் பெறுமானத்தை 190 கோடிக்கு விற்றது. அதாவது பாதி விலை. ஆடிட்டர் நண்பரிடம் ஒரு கட்சிக்காரர் இப்படி வியாபாரம் செய்துவிட்டு வந்தால், "நீங்கள் கடையை மூடிவிட்டு வீட்டில் இருங்கள்" என்றுதானே சொல்வார்?

கடன் வாங்கியவனிடமாவது நாணயமாக நடந்தார்களா? 21,000 பவுனுக்கு மேல் சம்பாதித்தால்தான் பிடித்தம், அந்த வரம்பு 2017 முதல் சம்பள உயர்வுக்கு ஏற்ப உயரும் என்று சொல்லித்தான் 2012ல் பையன்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 2015ல் ஆஸ்போர்ன், வரம்பு உயராது என்று அறிவித்தார். கையெழுத்துப் போட்டு மூன்று வருஷம் ஆனபின் ஷரத்து மாறுகிறது! கூச்சல் எழுந்து, 2018ல் வேறொரு மந்திரிசபை அதை 25,000 ஆக்கியது. பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் எழுதி வாங்கும் பத்திரத்தின் ஷரத்தை, எழுதி வாங்கியவன் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்றால், அதற்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயரைப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

*

இனி ஜெர்மனி. அங்கே சர்வகலாசாலைகள் 16 மாகாணங்களின் பொறுப்பு. மேற்கு ஜெர்மனியில் மாணவரிடம் வாங்கிவந்த விரிவுரைக் கட்டணத்தை 1970ல் கைவிட்டார்கள். 1971ல் ஏழை மாணவனுக்கு உதவித் தொகைச் சட்டம் வந்தது. இன்று அந்த உதவியில் பாதி இனாம். பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு ஆனாலும் 10,010 யூரோவைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

இவர்களுக்கும் ஒருமுறை சபலம் தட்டியது. கட்டணம் கூடாது என்று மத்திய அரசு 2002ல் செய்த சட்டத்தை, அது மாகாணங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று 2005 ஜனவரியில் அரசியல் சாசனக் கோர்ட்டு தள்ளிவிட்டது. உடனே ஏழு மாகாணங்கள் கட்டணத்தை ஆரம்பித்தன. எவ்வளவு? அரை வருஷத்துக்கு 500 யூரோ. இங்கிலாந்துக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் இது கோயில் உண்டியலில் போடும் சில்லறை. அதற்கே ஜனங்கள் பொறுக்கவில்லை. 2008ல் ஹெஸ்ஸென் கைவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் கைவிட்டன. பவேரியாவில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது பழமைவாதக் கட்சி பரம்பரையாக ஆளும் மாகாணம். ஜனங்கள் கோரினால் ஒரு சட்டத்தை எடுக்க வைக்கலாம்; ஆனால் இரண்டே வாரத்தில் நூற்றுக்குப் பத்து வாக்காளர்கள் நகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 2013 ஜனவரி, உறைபனிக் காலம். பத்துப் பேர் வேண்டிய இடத்தில் பதினாலு பேருக்கு மேல் போனார்கள். 13 லட்சத்துக்கு அதிகமான கையெழுத்து! எல்லோருமா மாணவர்கள்? தாத்தாவும் பாட்டியும் ரொட்டிக் கடைக்காரரும் போயிருந்தால்தான் அந்தத் தொகை வரும். அந்த வருஷமே சட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடைசி மாகாணமான கீழ் ஸாக்ஸனி 2014ல் கைவிட்டது.

ஜெர்மனி சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கட்சிக்கு வாதாடுகிறவன் மறு கட்சியின் நியாயத்தை மறைத்தால், வாசகன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். பல ஜெர்மன் வகுப்புகளில் கூட்டம் நெரிகிறது. பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். ஒரு மாணவனுக்குச் செலவாகும் மொத்தத் தொகை பிரிட்டனில்தான் அதிகம். உதவித் தொகை 1972ல் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கிடைத்தது; இன்று பதினைந்து பேருக்குக்கூட இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: குழந்தைகளைப் பெரும்பாலான மாகாணங்களில் பத்து வயதிலேயே பிரித்து வேறு வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2018ல் வெளியான ஒரு கணக்குப்படி, பட்டதாரிப் பெற்றோரின் குழந்தைகளில் நூற்றுக்கு 79 பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள்; மற்றவர் குழந்தைகளில் 27 பேர்தான். வாசலைத் திறந்து வைத்துவிட்டு, தெருக்கோடியிலேயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினால் அது முழு நியாயம் ஆகாது.

அதேபோல் இங்கிலாந்துக்காரன் சொல்லும் ஒரு விஷயமும் உண்மை. கட்டணம் வந்ததால் ஏழைப் பிள்ளைகள் முழுநேரப் படிப்பை விட்டு ஓடிவிடவில்லை. அவர்கள் எண்ணிக்கை கூடவே செய்தது. கையில் ரொக்கம் கேட்காததும், அதிகமான இடங்களைத் திறந்து விட்டதும் அதற்குக் காரணம். ஆனால் அவன் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் என்ன ஆனார்கள்? 2010க்குப் பிறகு ஐந்து வருஷத்தில் அப்படிப் பகுதிநேரம் சேர்கிறவர் தொகை பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. பதினெட்டு வயதில் கடன் என்றால் என்னவென்று தெரியாது, கையெழுத்துப் போட்டுவிடுவான். நாற்பது வயதுக்காரனுக்குத் தெரியும். அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான். பட்டமில்லாத நாற்பது வயதுக்காரன் எவன் என்று எனக்குத் தெரியும் ஆகையால், இந்தக் கணக்கு மட்டும் என் நெஞ்சில் தைக்கிறது.

*

இப்போது நண்பரின் மூலமந்திரத்துக்கு வருவோம்: படிப்பினால் பிரயோஜனம் படிக்கிறவனுக்கு மட்டுமே.

அப்படியா? நர்ஸாகப் படிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் நர்ஸ் மாணவிக்குக் கட்டணமும் இல்லாமல் உதவித் தொகையும் கொடுத்து வந்தார்கள். 2017ல் அதை நிறுத்தி, "நீயும் கடன் வாங்கிப் படி" என்றார்கள். விண்ணப்பங்கள் சரிந்தன. 2020ல் வருஷத்துக்கு 5,000 பவுன் இனாம் என்று ஒரு பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் வேண்டுமே? இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வரவழைத்தார்கள். அந்தப் பெண்களின் படிப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? திருநெல்வேலியிலும் கோட்டயத்திலும் இருக்கும் அப்பா அம்மாக்கள். பிரயோஜனம் யாருக்கு? இங்கிலாந்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு கிழவருக்கு. இலையில் உட்கார்ந்தவர் ஒருவர். காசு கொடுத்தவர் ஏழு கடலுக்கு அப்பால் இன்னொருவர்.

"லாரி ஓட்டுகிறவன் கட்டும் வரியில் டாக்டர் மகன் படிப்பது நியாயமா?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி, கண்ணில் நீர் வரவழைக்கும் கேள்வி. ஆனால் அதைக் கேட்கிறவர்கள் லாரிக்காரர்கள் அல்ல என்பதைக் கவனித்தீர்களா? படித்தவன் அதிகம் சம்பாதித்தால் அவனிடம் அதிகம் வாங்கிக்கொள்ள ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதற்கு வருமான வரி என்று பெயர். ஜெர்மனியில் நல்ல சம்பளக்காரன் மேல் வருமானத்தில் நூற்றுக்கு 42 கட்டுகிறான். பெரும் பணக்காரன் 45. டாக்டர் மகனும் கட்டுகிறான். பட்டமே இல்லாமல் கடை வைத்துக் கோடீஸ்வரன் ஆனவனும் கட்டுகிறான். இதில் லாரிக்காரனுக்கு என்ன அநியாயம்? அவன் மகளும் நாளை அதே வாசலில் காசில்லாமல் நுழையலாமே!

இங்கிலாந்து ஏற்பாட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகள், ஒரே சம்பளம். ஒருத்தியின் தகப்பனார் பணக்காரர். கட்டணத்தை ரொக்கமாகக் கட்டிவிட்டார். மற்றவள் கடன் வாங்கிப் படித்தவள். கடன் வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 பவுனிலும் முதலாமவளுக்கு வருமான வரி 20, தேசீய இன்ஷூரன்ஸ் 8, ஆக 28 போகும். இரண்டாமவளுக்கு அதோடு கடன் பிடித்தம் 9 சேர்ந்து 37 போகும். இது ஏழைத் தகப்பனுக்குப் பிறந்ததற்கு விதித்த வரி என்று சொன்னால் தப்பா? பாங்கியில் கொழுத்த சம்பளம் வாங்குகிறவன் கடனைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு வட்டியிலிருந்து தப்பித்துக்கொள்கிறான். நடுத்தரச் சம்பளம் வாங்கும் ஆசிரியைதான் வட்டியோடு வருஷக் கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கிறாள்.

இன்னொரு நஷ்டத்தையும் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். 2012ல் இங்கிலாந்தில் இலக்கியம், சரித்திரம் போன்ற பாடங்களைப் போதிப்பதற்கான சர்க்கார் மானியம் அறவே நின்றுபோயிற்று. அவை மாணவன் கட்டும் பணத்தையே நம்பிப் பிழைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கடனில் படிக்கிறவன் எதைப் படிப்பான்? கடனை அடைக்கும் படிப்பைத்தான் தேடுவான். இன்று அந்த தேசத்தில் மொழித் துறைகளும் சங்கீதத் துறைகளும் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஷேக்ஸ்பியர் பிறந்த மண்ணில் இலக்கியத்துக்கு வட்டிக் கணக்குப் பார்க்கிறார்கள்.

*

ஆனால் எதிர் வீட்டுப் பையனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது, நெருங்கிய சம்பந்தம்.

டிக்கெட் விலையை உயர்த்தினால் ஓட்டுப் போகும் என்று பயந்து, 2017 முதல் 2025 வரை உள்நாட்டுக் கட்டணத்தை 9,250 பவுனிலேயே நிறுத்தி வைத்தார்கள். விலைவாசி நிற்குமா? கரண்டு கட்டணமும் சம்பளமும் ஏறின. மானியமும் இல்லை, கட்டணமும் ஏறவில்லை. 2025-26ல் நூற்றுக்கு 72 நிறுவனங்கள் வரை நஷ்டத்தில் விழக்கூடும் என்று அந்நாட்டு உயர்கல்விக் கண்காணிப்பு அலுவலகமே 2024 நவம்பரில் எச்சரித்தது. ஓட்டையை அடைக்க யார் அகப்பட்டார்கள்? வெளிநாட்டு மாணவர்கள். அவர்கள் கட்டணத்துக்கு உச்சவரம்பு இல்லை. உள்நாட்டு மாணவன் கட்டுவதைப் போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் வாங்கலாம். வாங்கினார்கள். வாங்கிக்கொண்டே, 2024 ஜனவரி முதல் மேல்படிப்பு மாணவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள். பணம் வரலாம், குடும்பம் வரக்கூடாது!

ஆக, என் எதிர் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தது தம் மகன் படிப்புக்கு மட்டும் அல்ல. பிரிட்டிஷ் சர்க்கார் தன் சர்வகலாசாலைகளுக்குக் கொடுக்க மறுத்த பணத்தில் ஒரு சிறு தவணையையும் அவர் சேர்த்துக் கட்டுகிறார். நானும் அதற்கு ஜாமீன்.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் ஒருத்தி ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருக்கிறாள். அங்கே இப்போது வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். அவள் தகப்பனாரும் பணம் புரட்டத்தான் செய்தார். ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் அது அவள் பணம். மாதாமாதம் அவளே எடுத்துச் செலவழிக்கிறாள். அவள் சேர்ந்திருக்கும் இடத்தில் கட்டணம் இல்லை. ஜெர்மனியிலும் எல்லா இடத்திலும் இப்படியே என்று சொல்ல முடியாது. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாகாணம் 2017லிருந்து ஐரோப்பியர் அல்லாத மாணவரிடம் அரை வருஷத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மூனிக் தொழில்நுட்ப சர்வகலாசாலையும் 2024லிருந்து ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் மேஜை முதலில் அயலானுக்காகத்தான் போடப்படும். பிறகு அது உள்ளூர்க்காரன் பக்கம் மெல்ல நகரும். ஜெர்மானியர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் ஆடிட்டர் நண்பரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு கணக்கைத் தாமே காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரி சார். ஆனால் நான் படித்த காலத்தில் என் காலேஜ் சம்பளம் எவ்வளவு தெரியுமா?" என்று ஒரு தொகையைச் சொன்னார். இன்று இரண்டு பேர் ஹோட்டலில் காப்பி சாப்பிட அது போதாது.

"மீதியை யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. எதிர் வீட்டு வாசலில் பையன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த பாங்கிக் காகிதத்தில் இரண்டாவது ஜாமீன் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், சார்" என்றார்.